ஒட்டுக்கத்தியும் வெட்டு நொதியும்

பகாவ், லிங்கி, லாபு தோட்டங்களை அறிந்தவர்களுக்கு ஒட்டுக்கட்டுதல் புதிதன்று. நல்ல பால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு செதுக்கி, நாற்றின் பட்டையைத் திறந்து வைத்துக் கட்டுவார்கள். இரண்டு வெட்டும் பொருந்தினால்தான் மொட்டு பிழைக்கும்.

மரபணுவை ஒட்டுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ‘இகோ ஆர் ஒன்’ என்னும் நொதி, டிஎன்ஏ இழையில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்துகளைக் கண்டால் ஜிக்கும் ஏக்கும் இடையே வெட்டும். நான்கெழுத்து நுனி நீட்டிக்கொண்டு நிற்கும். பொருந்தும் நுனிகளை லிகேஸ் என்னும் நொதி ஒட்டிவிடும். வெட்டு நொதிகளைக் கண்டறிந்து பயன்படுத்தியதற்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவரும் 1978இல் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று ஆய்வுக்கூடத்தில் கைவைக்குமுன் இவ்வேலையைக் கணினியில் பாவனையாகச் செய்து பார்க்கிறார்கள். மரபணுவின் நடுவிலும் அந்த ஆறெழுத்து இருந்தால் மரபணுவே துண்டாகிவிடும். இரு முனைகளையும் ஒரே நொதியால் வெட்டினால் துண்டு தலைகீழாகவும் ஒட்டிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் கணினி முன்கூட்டியே காட்டிவிடும். விலையுயர்ந்த நொதியும் வீணாகாது.

இது நமக்கு எட்டாத அறிவியலா? ஆரோக்கியராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பால்மரத்தில் வேற்று மரபணுவைச் சேர்த்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்மரத்தின் மரபணுத்தொகுதி வரைவை 2013இல் வெளியிட்டனர். செம்பனைக் கொட்டையின் ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். நம் முன்னோர் வியர்வை சிந்திய மரங்களின் எழுத்தையே உலகம் படித்துவிட்டது. அந்த மரங்களின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

“தேர்வும் வேலையும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தானே, தமிழில் சொல்லி என்ன பயன்?” என்பார்கள். 2003இல் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடம் ஆங்கிலத்துக்கு மாறியபோதும் இதே வாதம் எழுந்தது. பெயரை எம்மொழியிலும் மனப்பாடம் செய்யலாம். ஆனால், ஏன் அங்கே வெட்டுகிறது, ஏன் இங்கே ஒட்டுகிறது என்பது வீட்டுமொழியில் விளங்கினால் பிறகு மறக்காது.

தமிழ்மொழிக் கழகங்கள் நாடகத்தோடும் பட்டிமன்றத்தோடும் நின்றுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கேனும் செல்வோம். எழுத்துகள் எழுதிய காகித நாடா, கத்தரிக்கோல், பசை, ஒரு மடிக்கணினி இருந்தால் போதும். பிள்ளைகள் காகிதத்தில் வெட்டி ஒட்டட்டும். பிறகு அதையே கணினியில் சரிபார்க்கட்டும். தமிழை வளர்ப்பது என்பது இதுவும்தான்.