கஞ்சாவுக்கு அரசு முத்திரையா?

கஞ்சாவை அரசே அனுமதித்து, தரம் பார்த்து, முத்திரை குத்தி விற்றால் கலப்படம் ஒழியும், புகைப்பவனுக்கும் பாதுகாப்பு என்று சிலர் வாதாடுகிறார்கள். பாடி, கொரட்டூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்து இளைஞர்களும் இதை நம்மிடம் கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பில் குழப்பமில்லை. ஹஷீஷ் ஹராம் என்று இமாம் இப்னு தைமிய்யா சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். மார்க்கத்தை ஏற்காதவர்களிடமும் பேச வேண்டுமல்லவா? அவர்கள் வாதத்தையே எடுத்துக் கொள்வோம்.

இந்தச் சோதனையைத் தமிழகம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2003இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் தன் கையில் எடுத்தது. கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பதே ஆட்சியாளர்கள் சொல்லி வந்த சமாதானம். சீல் வைத்த பாட்டிலில் மெத்தனால் இருக்காது, ஒப்புக் கொள்கிறோம். ஆனால் நடந்தது என்ன? 2023 மே மாதம் மரக்காணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60க்கும் மேற்பட்ட உயிர்கள்! அந்த ஊரில் டாஸ்மாக் கடை இல்லாமலா போயிற்று? உழைப்பாளிகளுக்கு டாஸ்மாக் சரக்கின் போதை போதவில்லை, அதனால்தான் சாராயத்துக்குப் போகிறார்கள் என்ற பொருளில் அன்றைய அமைச்சர் துரைமுருகன் சட்டமன்றத்திலேயே பேசினாரே! வீரியத்துக்கு வரம்பு கட்டினால் அது போதாதவன் கள்ளச் சந்தைக்குப் போவான். விலையைக் கூட்டினால் ஏழை போவான். கஞ்சாவுக்கு மட்டும் வேறு நியாயமா?

2018 அக்டோபரில் கஞ்சாவை அனுமதித்த கனடா, கஞ்சா கலந்த தின்பண்டப் பொட்டலம் ஒன்றில் போதைச் சத்து 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. அப்படியும் மிட்டாய் என்று தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் அங்கே அதிகமானார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கஜானா. 2023-24இல் டாஸ்மாக்கால் அரசுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். விற்பவனே காவல்காரன் என்றால், கடையை மூடும் துணிச்சல் எந்த முதலமைச்சருக்கு வரும்?

அதற்காக, கஞ்சாப் பொட்டலத்தோடு சிக்கிய பையனைச் சிறையில் தள்ளுவதே தீர்வு என்று நாம் சொல்லவில்லை. சிறிதளவோடு பிடிபட்ட போதை அடிமை தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? ஜமாஅத் நிர்வாகிகள் இதை ஜும்ஆ மேடையிலேயே அறிவிக்கட்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை சிகிச்சைப் பிரிவு உண்டு. பாடியிலிருந்து அது அதிக தூரமில்லை. பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, ஊருக்கு நான்கு பேராவது முன்வர வேண்டும்.