புழுக்கத்துக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஐப்பசி மாதத்து ஈரக்காற்றை வாசலிலேயே நிறுத்தக்கூடிய பூட்டை அவ்வூர்த் தொழிலாளர்களும் இன்னும் செய்தபாடில்லை.

அங்கே வசிக்கும் நமது நண்பர் ஒருவர், மூச்சிரைப்பால் அவதிப்படும் தம் தாயாருக்காக, 12 அடிக்கு 10 அடி அறையில் 2 டன் ஏ.ஸி. யந்திரத்தை மாட்டினார். "பெரிதாகவே இருக்கட்டும், ஸார், சீக்கிரம் குளிரும்" என்றாராம் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஐந்தே நிமிஷத்தில் அறை குளிர்ந்தது. ஆனால் மழைக்காலம் வந்ததும் படுக்கை விரிப்புப் பிசுபிசுத்தது. சுவர் மூலையில் பூஞ்சணம் படர்ந்தது. அம்மாளின் இரைப்பும் தணியவில்லை. குளிரும் ஈரமும் ஒரே அறையில் குடியிருக்குமா என்று கேட்டு நண்பர் நமக்கு எழுதியிருக்கிறார்.

தாராளமாகக் குடியிருக்கும். இத்தனைக்கும் இந்த யந்திரம் பிறந்ததே ஈரத்தைப் போக்கத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ணங்கள் இடம் மாறி விழுந்தன. உதட்டுச் சிவப்பு மூக்கில் ஏறினால் பத்திரிகைக்காரர்கள் படும் பாடு நமக்குத் தெரியாததா? வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினீயர், குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தை நீராக வடிக்க வழி கண்டார்.

அந்த நீர் வடிவதற்கு அவகாசம் வேண்டும். சிறிய அறையில் பெரிய யந்திரம் சட்டென்று குளிரூட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடுகிறது. குழாயில் முத்து முத்தாகப் பூத்த நீர், கீழே வடியுமுன், சுழன்றுகொண்டிருக்கும் விசிறியால் மறுபடி அறைக்கே திரும்புகிறது. மழை நாளில் வெளியிலும் உஷ்ணம் குறைவாதலால் ஓய்வு இன்னும் நீளும்.

('டன்' என்பது ஐஸ் கணக்கு: ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் உஷ்ணம். அமெரிக்க ஐஸை வைத்து விற்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடத்தில் 1897-ல் ஸ்வாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.)

நண்பரின் அறைக்கு 1 டன் போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே வெயிலில் வேகும் அறையானால் ஒன்றரை. அதிலும் இன்வர்ட்டர் வகையே நல்லது. அது அடிக்கடி நிற்காமல் வேகத்தைத் தணித்துக்கொண்டு ஓடும். எவ்வளவு குறைவாக ஓட முடியும் என்பதைக் கடையில் அவசியம் கேட்க வேண்டும். நட்சத்திரச் சீட்டு மின்சாரச் சிக்கனத்தைச் சொல்லுமேயொழிய, வடிக்கும் ஈரத்தைச் சொல்லாது. ஈரமானி ஒன்று வாங்கி மாட்டினால் உண்மை தெரியும். 40-க்கும் 60-க்கும் இடையே முள் நின்றால் சௌகரியம். அடைமழையில் அதற்கும் இறங்காவிட்டால், ஈரம் உறிஞ்சும் தனி யந்திரந்தான் கதி.

சித்திரையில் சமவெளி வறண்டு காயும்போது கவலையே வேறு. அப்போது வெட்டிவேர்த் தட்டியும் நீர்க் கூலருமே பாதி வேலையைச் செய்துவிடும். அதே கூலரை ஐப்பசியில் ஓட்டினால், இருக்கிற ஈரம் போதாதென்று இன்னும் அள்ளிக் கொட்டும்.

நண்பர் 2 டன்னைப் பெரிய கூடத்துக்கு மாற்றிவிட்டு, தாயாரின் அறைக்குச் சிறியதொன்று பார்த்துவருகிறார். அதன் வடிகுழாய்க்கடியில் வைக்க இப்போதே ஒரு வாளி வாங்கிவிட்டாராம். துளசிச் செடிக்கு ஆகும் என்கிறார்.