தேய்வது பீங்கான் அல்ல, எஃகு

வெள்ளைப் பீங்கான் தட்டில் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடும் வீடுகளில், சில மாதங்களில் தட்டு முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். தட்டு கீறிவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். பெரும்பாலும் அது கீறலே இல்லை, கரண்டியின் உலோகம் அங்கே ஒட்டியிருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், போய்விடும். வெள்ளைத் தட்டின் பளபளப்புப் பூச்சில் சிர்கான் என்ற கனிமத்தின் நுண்துகள்களைச் சேர்ப்பதுண்டு. அவை மேலே துருத்திக்கொண்டிருந்தால், அரம்போல எவர்சில்வரைச் சுரண்டி எடுக்கும். கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பூச்சில்லாத வளையத்தில் கத்தி தீட்டுகிறோமே, அதுவும் இதே சங்கதிதான்.

எஃகும் பீங்கானும் உரசினால் எஃகுதான் தேயும். அப்படியிருக்க, இந்த இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாக அடைத்து விற்கிறார்கள். சைக்கிள் கடைகளில் இப்போது ‘செராமிக் பேரிங்’ என்று விலை சொல்கிறார்களே, அது பெரும்பாலும் இந்தக் கலப்புதான்: வளையங்கள் குரோமியம் கலந்த எஃகு, நடுவே உருளும் குண்டுகள் சிலிக்கான் நைட்ரைடு. இது களிமண் பீங்கான் அல்ல, பொறியியலுக்கென்றே செய்யப்படும் பீங்கான். கடினத்தில் பேரிங் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையிலோ எஃகில் பாதிகூட இல்லை.

குண்டு உருளத்தானே செய்கிறது, உரசல் எங்கே வந்தது என்று கேட்கலாம். உருளும்போதே கொஞ்சம் வழுக்கவும் செய்கிறது. குண்டும் எஃகு, வளையமும் எஃகு என்றால், நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் ஒரு கணம் அறுந்தாலும் இரண்டின் நுண்முனைகளும் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிப் பிய்ந்துவிடும். பீங்கான் அவ்வளவு எளிதில் எஃகோடு ஒட்டாது. கலப்பு பேரிங்கின் உயிர்நாடியே இதுதான்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் எஞ்சினில் திரவ ஆக்சிஜனைத் தள்ளும் பம்ப் இருந்தது. அது நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழலும். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் வைத்தால் தீப்பிடிக்கும் என்பதால் கிரீஸுக்கு வழியே இல்லை. எஃகுக் குண்டுகள் தேய்ந்துகொண்டே இருந்தன. சிலிக்கான் நைட்ரைடு குண்டுகள் வைத்த புதிய பம்ப், 1995 ஜூலையில் டிஸ்கவரி ஓடத்தின் ஓர் எஞ்சினில் முதன்முதலாகப் பறந்தது. இன்று மின்சாரக் கார்களிலும் இவை வருகின்றன. அங்கே காரணம் வேறு. மோட்டாரிலிருந்து கசியும் மின்சாரம் எஃகுக் குண்டு வழியாகப் பாய்ந்தால் வளையத்தில் பொடிப்பொடியாகக் குழி விழும். பீங்கான் மின்சாரத்தை விடாது.

அதற்காக ‘செராமிக் என்றால் எண்ணெயே வேண்டாம்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். உலர்ந்த நிலையில் எஃகைப் பீங்கானில் தொடர்ந்து தேய்த்தால் உராய்வு எண் 0.5-ஐ ஒட்டிப் போவது சாதாரணம். எண்ணெய் இருந்தால் அது 0.1 அளவுக்கு இறங்கும். காரணம், தட்டில் பார்த்த அதே சாம்பல் கோடு. எஃகு உதிர்ந்து பீங்கான்மேல் படலமாக அப்பிக்கொள்ளும். பிறகு உரசுவது எஃகும் எஃகும்தான். கொடுத்த காசு எங்கே போயிற்று?

இன்னொரு தொல்லை மலிவுச் சரக்கில் இருக்கிறது. பீங்கான் குண்டு எஃகைப்போல அமுங்கிக் கொடுக்காது. அதனால் அது வளையத்தைத் தொடும் இடம் சிறிது, அழுத்தம் அதிகம். வளையத்தின் எஃகு சரியாகக் கடினப்படுத்தப்படாமல் இருந்தால், அல்லது மழையில் ஓட்டி மணல் உள்ளே போயிருந்தால், குண்டு அப்படியே புதிதாக இருக்க, வளையம் பள்ளம் விழுந்து கரகரக்கும். என்னைக் கேட்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 240 சுற்றுதான் சுற்றுகிறது. விண்வெளிப் பம்புக்கு வேண்டியது அதற்கு வேண்டாம். நல்ல எஃகு பேரிங் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்தால் போதும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் குண்டைப் பற்றிக் கேட்காமல், வளையம் என்ன எஃகு, தூசு புகாத மூடி இருக்கிறதா என்று கேளுங்கள்.