பலகை ஷட்டருக்குப் பின்னால் இருக்கிறது

“அவங்க யாரும் நம்ம கடைக்கு வர்றதே இல்லையே, அப்புறம் எதுக்குச் சாய்தளம்?” பதினைந்து வருடமாக இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. சென்ற மாதம் எங்கள் ஊர் வணிகர் கூட்டத்தில் ஒருவர் இதையே மைக்கில் சொன்னார். பலமான கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேருடைய கடைகளுக்கு என் அக்கா வாடிக்கையாளர்.

அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இரண்டு கால்களும் விளங்காது. அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில்தான் பஜாருக்குப் போவாள். கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் உள்ளிருந்து பையன் எட்டிப் பார்ப்பான். ஜவுளிக்கடை என்றால் நாலு சேலையைக் கொண்டுவந்து வண்டியின் முன்பக்கத்தில் விரிப்பான். பின்னால் வரும் ஆட்டோ ஒதுங்கச் சொல்லி அலறும். ஐந்தாவது சேலையைக் கேட்க அவளுக்குக் கூச்சம்; கையில் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். மருந்துக்கடையில் இன்னும் கொடுமை. மற்றவர்கள் கவுன்ட்டரில் குனிந்து மெதுவாகக் கேட்பதை அவள் தெருவிலிருந்து கத்திக் கேட்க வேண்டும். அவளுக்கு நாப்கின் வாங்கும் வேலை தம்பியான என்னிடம் வந்தது இப்படித்தான்.

மூன்று படிக்கு முன்னால் நின்றுபோகிறவளை ‘வரவே இல்லை’ என்று கணக்கு எழுதுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இவர்கள் செருப்புப் போடுவதில்லையா, மாத்திரை சாப்பிடுவதில்லையா, டீ குடிப்பதில்லையா? மெரினாவில் சக்கர நாற்காலிகளைப் பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டித் தற்காலிகப் பாதை போடும் சில நாட்களில் மட்டும் வந்தார்கள். ‘அவங்களுக்குக் கடற்கரையில் ஆசையில்லை’ என்று அதற்குப் பொருளா? 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறந்ததும் நாற்காலிகள் அலைக்கருகே போய் நின்றன. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. சீர்செய்து போட்டதும் மறுபடி வந்தார்கள். வழி இருந்தால் ஆள் வரும். கடைத்தெருவில் தினமும் உட்கார்ந்திருக்கிற வியாபாரிக்கு இது தெரியாதா?

“நாங்களே தூக்கி உள்ளே விடுவோமே” என்பார்கள். அக்காவை ஒரு கடையில் அப்படித் தூக்கினார்கள். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து, அத்தனை பேர் பார்க்க. உதவி என்று நினைத்துத்தான் செய்தார்கள். அதற்குப்பின் அவள் அந்தத் தெருவுக்கே போகவில்லை. “ஆன்லைன்ல வாங்கிக்கலாமே” என்று ஒரு கடைக்காரர் சொல்லலாமா? சொந்தக் கடையை மூடிக்கொள்கிற பேச்சு அது.

அடுத்தது செலவு. படி ஏன் இத்தனை உயரமானது? ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டார்கள், ரோடு ஏறியது. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கடைக்காரர் தளத்தை ஏற்றினார். அதற்குச் செலவழிக்கப் பணம் இருந்தது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும்போது, ஷட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பலகை வெளியே வரும். அதைப் படியில் சாய்த்துப் போட்டு முதலாளி தன் பைக்கை உள்ளே ஏற்றுவார். மளிகைக்கடையில் அதே மாதிரிப் பலகையில் எண்ணெய்ப் பீப்பாய் உருளும். பைக் ஏறுகிறது, பீப்பாய் ஏறுகிறது. என் அக்கா மட்டும் வெயிலில் நிற்கிறாள்.

அந்தப் பலகை செங்குத்தாக இருக்கும், சக்கர நாற்காலிக்கு ஆகாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அரையடிப் படிக்கு ஆறு அடி. அகலமும் வேண்டும். அதற்குமேல் பெரிய தொழில்நுட்பம் ஏதுமில்லை. ரோட்டில் நிரந்தரமாகக் கட்டினால் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்களே என்றால், கட்ட வேண்டாம். ஆள் வரும்போது போட்டுவிட்டு எடுங்கள்.

“சட்டம் பெரிய மாலுக்குத்தான், நமக்கில்லை” என்றும் அந்தக் கூட்டத்து மேடையில் சொன்னார்கள். தவறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், வியாபாரத்துக்காகப் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. சதுர அடிக் கணக்கு எதுவும் அந்த வரையறையில் இல்லை. விதிகள் வந்தது 2017 ஜூனில். அன்றிலிருந்து சேவை தருவோருக்கு இரண்டு ஆண்டு, பழைய கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன. முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விருப்பமிருந்தால் செய்யலாம் என்கிற பேச்சுக்கு இனி இடமில்லை.

அன்று கைதட்டிய அண்ணாச்சிகளே, இன்றைக்கே ஒரு தச்சரைக் கூப்பிட்டு உங்கள் வாசல்படியை அளக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு இந்த வருடமாவது என் அக்கா உள்ளே வந்து, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டுப் பார்க்கட்டும்.