நரிக்கும் கீரிக்கும் வழி விடுங்கள்!

காலையில் போலீஸ் ஸ்டேஷன் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவது நம்ம வேலை. ராத்திரி எந்த ரோட்டில் மோதல், யார் ஆஸ்பத்திரியில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். அதே ரோட்டில் தாரோடு தாராக ஒட்டிக் கிடக்கிறதே கீரி, சாரைப்பாம்பு, ஆந்தை... இதற்கெல்லாம் எப்.ஐ.ஆர். கிடையாது. விடிந்ததும் காக்கை வந்து கேஸை முடித்துவிடுகிறது.

கீரியை வேட்டையாடினால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில். லாரி டயரில் நசுங்கினால்? கேட்க நாதி இல்லை!

ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போக ஒரு காலத்தில் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். விக்கிரவாண்டி – கும்பகோணம் – தஞ்சாவூர் நான்கு வழிச்சாலை சுமார் 165 கிலோமீட்டர். வேண்டிய ரோடுதான். ஆனால் ரோடு போடும்போதே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம்.

மேலே லாரி, கீழே வெள்ளம்

நம்ம ஊர் தட்டையான பூமி. வெள்ளத்துக்குப் பயந்து புது ரோட்டை வயல் மட்டத்துக்கு மேலே கரை மாதிரி உயர்த்திப் போடுகிறார்கள். இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் ஏரி. தண்ணீர் போக நடுவே சிறுபாலம் கட்டுகிறார்கள். கோடையில் அது காய்ந்து கிடக்கும். நரியும் கீரியும் அதற்குள்ளேயே புகுந்து போய்விடும். சம்பா பருவத்தில்? சுவருக்குச் சுவர் தண்ணீர்! அப்புறம் அது எங்கே போகும்? கரை ஏறி ரோட்டுக்குத்தான் வர வேண்டும்.

மழை ராத்திரியில் தவளை கூட்டம் கூட்டமாக ரோட்டைக் கடக்கிறது. தவளையைத் தேடிப் பாம்பு வருகிறது. எலியைத் தேடி ஆந்தை தாழப் பறக்கிறது. ஒரே லாரி வெளிச்சத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

“மனுஷனுக்கே வழி இல்லை, நரிக்கு வழியா?” என்று டீக்கடையில் சிரிக்கலாம். எலி வெட்டிய நெல் வயலைப் பார்த்தவர் சிரிக்க மாட்டார். அந்த எலியைக் கூலி வாங்காமல் பிடிக்கிறவை சாரைப்பாம்பும் ஆந்தையும் நரியும்தான். வயலில் நத்தையைப் பொறுக்கித் தின்கிறது நத்தைகுத்தி நாரை. இதையெல்லாம் ரோட்டில் கொன்றுவிட்டு எலி மருந்துக்குக் கடையில் கடன் சொல்லுகிறோம். இது யாருக்கு நஷ்டம்?

புலிக்கே வழி விட்டார்கள்

செய்ய முடியாத காரியமா இது? நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது. நம்ம மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை வருகிறதே, அதே ரோடுதான். அங்கே 9 இடங்களில் ரோட்டைத் தூக்கிக் கட்டி அடியில் மிருகங்களுக்கு வழி விட்டார்கள். அதில் ஒன்று 750 மீட்டர் நீளம். 2019இல் காமிரா வைத்துப் பார்த்தார்கள். பத்து மாதத்தில் 5,450 தடவை மிருகங்கள் அந்த வழியே போயிருந்தன. புலி மட்டும் 89 தடவை!

நம்ம மாநிலத்தில் சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்தையே 2022இல் கோர்ட்டு உத்தரவால் நிறுத்தினார்கள். தஞ்சாவூரில் அப்படி ரோட்டை மூடச் சொல்லவில்லை. 750 மீட்டர் பாலமும் கேட்கவில்லை. சிறுபாலத்துக்குள் சுவர் ஓரமாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு முழ அகலத்தில் ஒரு திண்ணை! கீரி, உடும்பு, நரி எல்லாம் கால் நனையாமல் அந்தப் பக்கம் போய்விடும். ரோட்டில் ஏறாதபடி இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் தாழ்வான வலை. கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம். கட்டிய பிறகு உடைத்துச் செய்தால் கொள்ளைச் செலவு.

மரத்துக்குக் கணக்கு என்ன?

அரசு நிலத்து மரத்தை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் தலைமையிலான மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடு. அந்தக் குழு இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நாரை கூடு கட்டிக் குஞ்சு வைத்திருக்கும் மாதத்தில் கோடாலி விழக் கூடாது. பதிலுக்கு வைத்த கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மூன்று வருஷம் கழித்து எண்ண வேண்டும். நடுரோட்டில் அரளிச் செடி வைத்துவிட்டு மரம் வைத்ததாகக் கணக்கு எழுதினால் எப்படி? அரளியில் எந்த நாரை கூடு கட்டும்? புளி, மருதம், இலுப்பை, ஆல் என்று நிழல் மரம் வையுங்கள்!

தஞ்சாவூர் – மன்னார்குடி ரோட்டை ஒட்டியே இருக்கிறது வடுவூர் ஏரி. 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2022இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. ஐப்பசி மழையோடு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் இடம். அந்த ரோட்டில் எந்த வேலை எடுத்தாலும் பறவை வரும் மாதங்களை விட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

டெண்டருக்கு முன்னே பேசுங்கள்

2022இல் திருவையாறு புறவழிச்சாலைக்காகப் பயிர் நின்ற வயலில் எந்திரம் இறங்கியது. கண்டியூர் பக்கத்து விவசாயிகள் வயலிலேயே இறங்கிப் போராடினார்கள். பயிருக்காகப் பேச ஆள் இருந்தது. நரிக்குப் பேச ஆள் ஏது?

அதனால் சொல்லுகிறோம். இனி நம்ம மாவட்டத்தில் எந்த ரோடு போட்டாலும், டெண்டர் விடும் முன்னாலேயே நெடுஞ்சாலை என்ஜினீயரும் வனத்துறை ரேஞ்சரும் ஊர் விவசாயியும் ஒன்றாக நடந்து பார்க்கட்டும். எந்த வாய்க்காலில் கீரி போகிறது, எந்த ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால் தொங்குகிறது என்று ஊர்க்காரனுக்குத் தெரியும். அதை வரைபடத்தில் குறியுங்கள். திண்ணையோடு சேர்த்து எஸ்டிமேட் போடுங்கள்.

கோடிக்கணக்கில் கொட்டுகிற ரோட்டில் ஒரு முழம் திண்ணைக்கா காசு இல்லை? அதிகாரிகள் பதில் சொல்லட்டும்!