தனித்தொகுதியை ஏற்ற மாவட்டம் தனி ஊராட்சியை ஏன் மறுத்தது?

விருதுநகர் மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றை எழுத முற்படுவோர் ஒரு முரணைக் கடந்து செல்ல முடியாது. மாவட்டத்தின் மேற்கே ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உள்ளன. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை வரை ராஜபாளையம் தனித்தொகுதி. 2011 தேர்தல் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, குன்றின்மேல் பெருமாள் கோயில் கொண்ட திருவண்ணாமலை போன்ற சிற்றூர்களின் வாக்காளர்கள் தென்காசி தனி மக்களவைத் தொகுதியிலும் வாக்களிக்கின்றனர். 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன்னுப்பாண்டி, 2016இல் அ.தி.மு.க.வின் சந்திரபிரபா, 2021இல் அதே கட்சியின் மான்ராஜ் என ஸ்ரீவில்லிபுத்தூர் தலித் உறுப்பினர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வந்துள்ளது. இதற்காக எந்த ஊரும் தேர்தலைப் புறக்கணிக்கவில்லை.

இதே மாவட்டத்தில்தான் கொட்டகச்சியேந்தல் இருக்கிறது. 1996இல் அதன் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் 2006 வரை அங்கு ஒரு தலைவர் நிலைத்துப் பணியாற்ற முடியவில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளின் கதையும் இதுவே. சட்டமன்றத்துக்குத் தலித் ஒருவரை அனுப்பச் சம்மதிக்கும் சமூகம், ஊராட்சி அலுவலகத்து நாற்காலியில் ஒரு தலித் அமர்வதை ஏன் பொறுத்துக்கொள்வதில்லை?

அதிகாரம் எங்கே அமர்ந்திருக்கிறது

சட்டமன்ற உறுப்பினர் சென்னையில் பேசுகிறார். அவரைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைமை. அவருக்கு வாக்கு சேகரிப்பது கட்சியின் ஒன்றிய, கிளை நிர்வாகிகள். அந்நிர்வாகிகளில் பெரும்பாலோர் அந்தந்த ஊரின் ஆதிக்க சாதியினர். எனவே தனித்தொகுதி உறுப்பினர் ஊருக்குள் நிலவும் சாதி ஒழுங்கைத் தொடாமலேயே ஐந்தாண்டுகளை முடித்துவிட இயலும்.

ஊராட்சித் தலைவரின் நிலை வேறு. அவர் கிராம சபைக்குத் தலைமை தாங்குகிறார். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும், தெருவிளக்கு எங்கே எரியும், நூறு நாள் வேலை எந்தக் கண்மாயில் நடக்கும் என்பவற்றில் அவருக்குப் பங்குண்டு. ஊராட்சிக் காசோலையில் கையெழுத்திடுகிறார். சுதந்திர நாளில் கொடி ஏற்றுகிறார். சேரிக்குள் ஒருபோதும் வராதவர்கள் ஒரு ரசீதுக்காகவேனும் அவர் முன் நிற்க வேண்டும். சாதி தன்னைத் தினமும் புதுப்பித்துக்கொள்ளும் இடம் இதுதான். எதிர்ப்பு இங்கே கடுமையாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை இலட்சியமாகக் கொண்டாடியவர்களைக் கடுமையாக மறுத்தார். அவர் அஞ்சிய கிராமத்தின் கையில்தான் 73ஆம் அரசமைப்புத் திருத்தம் அதிகாரத்தை ஒப்படைத்தது. கூடவே, 243ஈ பிரிவின் வழியாக இட ஒதுக்கீட்டையும் வைத்தது. மோதல் அங்கிருந்தே தொடங்குகிறது.

மூன்று வழிமுறைகள்

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. தனி ஊராட்சிகளை முடக்க அன்று முதல் கையாளப்பட்ட வழிகள் மூன்று.

முதலாவது, வேட்பு மனுவே தாக்கலாகாமல் தடுப்பது. ஊர்க்கூட்டம் கட்டளையிடும், மீறுவோருக்குக் கூலி வேலை இல்லை, கடையில் பொருள் இல்லை. இரண்டாவது, தங்கள் நிலத்தில் வேலை செய்யும் ஒருவரை நிறுத்தி, வெல்லவைத்து, பதவி ஏற்றதும் விலகச் செய்வது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் இந்த நாடகம் பலமுறை அரங்கேறியது. பதிவேட்டில் தேர்தல் நடந்ததாக இருக்கும்; ஊராட்சியில் தலைவர் இருக்க மாட்டார்.

மூன்றாவது வழி மேலவளவில் வெளிப்பட்டது. மிரட்டல், மனு வாபஸ், வாக்குச்சாவடிக் கைப்பற்றல் எல்லாவற்றையும் கடந்து, 1996 டிசம்பர் இறுதியில் காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரும் துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பதினேழு பேருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதிசெய்தது. அவர்களில் பதின்மூவரைத் தமிழக அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவித்தது. அடுத்த மாதம் ஊரக உள்ளாட்சித் தேர்தல். அந்தத் தேர்தலில் தனி ஊராட்சிகளில் மனு தாக்கல் செய்ய நினைத்த தலித்துகளுக்கு அந்த விடுதலை என்ன செய்தி சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2006 காட்டியதும் காட்டாததும்

2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் தொடர்ந்து நடத்திய போராட்டங்கள், ஒதுக்கீட்டைக் கைவிடாத அரசின் முடிவு, ஊர் ஊராகச் சென்று பேசிய மாவட்ட நிர்வாகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் இது நிகழ்ந்தது. பத்தாண்டுகள் முடியாது என்று சொல்லப்பட்டது, அரசு முனைந்தபோது சில மாதங்களில் முடிந்தது. நான்கு தலைவர்களுக்கும் சென்னையில் ‘சமத்துவப் பெருவிழா’ எடுக்கப்பட்டது.

அந்த விழா நடந்த அதே நவம்பரில், சங்கரன்கோவில் பகுதியின் நக்கலமுத்தன்பட்டியில் ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். அவர் அருந்ததியர். பிறர் காட்டிய இடத்தில் கையெழுத்திடும் பொம்மைத் தலைவராக இருக்க மறுத்ததே அவர் செய்த குற்றம் என்று தலித் இயக்கங்கள் சுட்டிக்காட்டின. தேர்தல் நடப்பது ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆள்வது வேறொன்று. 2006 முதலாவதைச் சாதித்தது. இரண்டாவது இன்னும் மீதமிருக்கிறது.

அதற்குச் சட்டத்தின் அமைப்பிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. காசோலையில் தலைவருடன் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அரசமைப்பின் ஒதுக்கீடு தலைவர் பதவியைப் பற்றியே பேசுகிறது. ஆதிக்க சாதித் துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் துப்புரவுப் பணியாளரின் ஊதியம்கூட நிற்கும். பின்னர் ‘நிர்வாகத் திறமையற்றவர்’ என்று தலைவர்மீதே பழி விழும். 205ஆம் பிரிவின்கீழ் பதவி நீக்க நடவடிக்கையும் வரலாம்.

அவமதிப்புகளும் தொடர்கின்றன. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் ஒருவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்தது. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவர் சுதந்திர நாளில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாட்களுக்குப் பின் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. குடியரசின் கொடியை ஒரு மக்கள் பிரதிநிதி ஏற்ற, அரசு தனிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டிய நிலை இது.

யாருடைய வாக்கில் யார்?

‘ஊரில் சிறுபான்மையாக உள்ளவர்கள் ஏன் தலைமை ஏற்க வேண்டும்?’ என்பது கல்லூரி விவாதங்களிலும் எழும் கேள்வி. ஒதுக்கீடு ஓர் ஊரின் தலைக்கணக்குக்கான பரிசு அன்று. தனி இருக்கைகள் மக்கள்தொகை விகிதத்தில் நிர்ணயிக்கப்பட்டு, சுழற்சி முறையில் ஊர்களுக்குப் பகிரப்படுகின்றன. ஒதுக்கீடு இல்லாத பொது ஊராட்சிகளில் தலித்துகள் எத்தனை இடங்களில் வெல்கிறார்கள் என்று பார்த்தாலே அதன் தேவை விளங்கும்.

மெய்யான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையுடன் கூடிய தனித் தேர்தல் முறையைக் கைவிட்டு, கூட்டு வாக்காளர் தொகுதியை ஏற்றது. தலித் வேட்பாளர்களுள் யார் வெல்வது என்பதைத் தலித் அல்லாத பெரும்பான்மை தீர்மானிக்கும் நிலை அன்று உருவானது. சில நூறு வாக்குகள் கொண்ட ஊராட்சியில் இது இன்னும் கூர்மையாகிறது. உறுதியானவர் தோற்கிறார், பணிந்து போகக்கூடியவர் வெல்கிறார். பொம்மைத் தலைவர்களைத் தனிமனிதக் கோழைத்தனமாகப் பார்ப்பது தவறு. அவர்கள் இந்த முறையின் விளைவு.

இப்போதைய வெற்றிடம்

1986க்குப் பின் பத்தாண்டுகள் கழித்தே 1996 தேர்தல் வந்தது. 2001, 2006, 2011 தேர்தல்கள் உரிய காலத்தில் நடந்தன. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில், இருபத்தேழு மாவட்டங்களில் மட்டுமே நடந்தது. மற்ற ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. விருதுநகர் உள்ளிட்ட இருபத்தேழு மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது 243உ பிரிவின் கட்டளை.

இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 1974 முதல் இயங்கும் மாவட்ட மன்றங்களின் தேர்தல் வரலாறு, எந்தக் கட்சி எத்தனை இடம் பெற்றது என்ற அட்டவணையாகவே எழுதப்படுகிறது. பெருந்தொற்றால் 2020 மே தேர்தலைத் தள்ளிவைத்தபோதும், ஓராண்டு கழித்து எப்போது நடக்கும் என்பதைச் சட்டத்திலேயே எழுதினார்கள். இங்கே ஒத்திவைப்புக்கு நாள் குறிக்கப்படுவதில்லை. அதன் இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதும் இல்லை. ஆதிக்க சாதியினருக்குக் கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், கட்சிக் கிளை என்று வேறு வாசல்கள் உண்டு. ஊரகத் தலித்துகளுக்கு, குறிப்பாகத் தலித் பெண்களுக்கு, ஊராட்சி ஒன்றே திறந்த வாசல்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தேர்தல் தேதியை அறிவிக்க வேண்டும். தனி ஊராட்சியாக இருந்த காலத்தில் தலைவர் இயங்க முடியாமல் போன இடங்களில் ஒதுக்கீட்டைச் சுழற்றாமல் நீட்டிக்க வேண்டும். துணைத் தலைவர் காரணமின்றிக் கையெழுத்திட மறுத்தால் மாற்று ஏற்பாடு வேண்டும். மனு தாக்கலைத் தடுப்பதையும், தலைவரின் பணியைத் தடுப்பதையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றங்களாக்கியுள்ளது. அப்பிரிவுகளில் வழக்குப் பதிய வேண்டும்.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடிய ஒரு பணியும் உண்டு. உங்கள் ஊராட்சியில் 1996 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டது, எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை திரும்பப் பெறப்பட்டன, போட்டியின்றி வென்றவர் யார், எப்போது விலகினார், துணைத் தலைவர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கட்சிச் சின்னமில்லாத தேர்தல் என்பதால் ஊராட்சிகளின் வரலாற்றை எந்தக் கட்சியும் எழுதி வைக்கவில்லை. மனுவே வராத ஆண்டுகளும், பதவியேற்றதும் விலகிய தலைவர்களும் அந்தப் பதிவேடுகளில்தான் இருக்கின்றன. அடுத்த தேர்தலுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும்போது, எந்தெந்த ஊரில் நீட்டிப்புக் கோர வேண்டும் என்பதை அந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்களே சொல்ல முடியும்.