ராணிகள் மட்டும்தானா?

மாறுவேடப் போட்டிக்கு "வரலாற்றுப் பெண்மணிகள்" என்று தலைப்புக் கொடுத்தால் போதும், மேடையில் நாலு ஜான்சி ராணி, மூணு வேலு நாச்சியார்! அட்டைக் கத்தி, ஜிகினா கிரீடம், வாடகைப் பட்டு. அந்த வீராங்கனைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனா, சரித்திரத்தில் ராணிகள் மட்டும்தானா இருந்தாங்க?

துணியைப் பற்றிப் படிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. அங்கே நாடார் முதலான சாதிப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பது கட்டுப்பாடு. அதை மீறிக் "குப்பாயம்" என்ற தொளதொளத்த மேல்சட்டை போட்ட பெண்களின் துணியைப் பொது இடத்திலேயே கிழித்தார்கள். 1822-இல் தொடங்கிய கலவரம் 1859 வரை விட்டு விட்டு நடந்தது. இதுதான் தோள்சீலைப் போராட்டம்.

26-7-1859 அன்று மன்னரின் ஆணை வந்தது. சட்டை போடலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாதாம்! கொடுத்த உரிமையிலும் ஒரு முடிச்சு, பார்த்தீர்களா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஜாக்கெட் தைத்துத்தான் அம்மா எனக்கு ஃபீஸ் கட்டுறாங்க. இந்தக் கதையைச் சொன்னதும் மெஷினை நிறுத்திட்டாங்க. "இதைப் போட்டதுக்கா அடிச்சாங்க?" என்று கையில் இருந்த ஜாக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அந்தக் குப்பாயத்தை மேடைக்குத் தைக்கலாம் என்றேன். "இதுல என்னடி இருக்கு? எடுப்பாவே இருக்காதே" என்றாள் தோழி. எடுப்பு என்பது ஜரிகையில் மட்டுமா இருக்கிறது? காடாத் துணி போதும். ஆனால் ஒன்று. இரக்கம் வரவேண்டும் என்று கிழிந்த துணியோடு அந்தப் பெண்ணை நிறுத்திவிடக் கூடாது. கிழித்தது அடுத்தவன் செய்த வேலை. போட்டுக்கொண்டதுதான் அவள் செய்த வேலை! நாம் காட்ட வேண்டியது அதைத்தான். கிழிசல் வேண்டாம், கிழிந்த இடத்தில் போட்ட தையல் தெரியட்டும். கூடவே நாலு வரியில் கதையையும் மைக்கில் சொல்லுவோம்.

ராணிக்கு உடை தைக்கப் படம் இருக்கிறது, சிலை இருக்கிறது. பெயர்கூட எழுதி வைக்கப்படாத பெண்ணுக்கு நாம்தானே தைக்க வேண்டும்? அடுத்த ஆண்டு விழாவில் ஒரு கிரீடம் குறையட்டும், ஒரு குப்பாயம் மேடை ஏறட்டும். செய்வோமா தோழிகளே?

- இரண்டாம் ஆண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பம்